ஒரு மணி தூரத்தில் ஓய்வு

லாரி ஓட்டுகிறவர்கள் மத்தியில் அவருக்குப் பெயர் தூங்குமூஞ்சி. ஆளைப் பார்த்தால் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். விடியற்காலையில்கூட முகம் கழுவி, தலைவாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டுதான் ஸ்டியரிங் முன்னால் உட்காருவார். ஓட்டுநர்களுக்குத் தூங்க நேரம் வேண்டும் என்று சங்கத்தில் வருஷக்கணக்காக ஒரே பாட்டைப் பாடியதால் வந்த பெயர் அது. முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. போகப் போக மரியாதை ஒட்டிக்கொண்டு, இளையவர்கள் "தூங்கு அண்ணே" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

சட்டம் வருவதற்கு முன்பு அவரும் குட்டை என்று ஒருவரும் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். இருக்கையில் ஒரு தலையணை போட்டால்தான் குட்டைக்குச் சாலை தெரியும். தூங்குமூஞ்சி காய்ச்சலில் படுத்த ஒரு வாரம், குட்டை தனியாக வண்டியை எடுத்தார். போன இடத்தில் சரக்கை இறக்கி, அங்கேயே மறு லோடு ஏற்றி, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே திரும்பியவர், பட்டப்பகலில், வளைவே இல்லாத சாலையில், நேராகப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதினார். பிரேக் போட்ட தடம்கூடத் தரையில் இல்லை. முதலாளி வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே அதே வழிக்கு, அதே அவசரத்தோடு, வேறொரு ஆளை அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் தூங்குமூஞ்சி வாயைத் திறந்தார். சட்டம் எழுத உட்கார்ந்த குழு ஓட்டுநர்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது, இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றார். குழுவில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:

"சரிங்க, நீங்க கேக்கற அளவுக்கு ஓய்வு கொடுத்துட்டோம்னு வைங்க. அதை வச்சுக்கிட்டு என்னதான் பண்ணுவீங்க?"

"வீட்டுக்குப் போவேங்க" என்றார்.

அறையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

சட்டம் வந்தது. ஒரு நாளில் இவ்வளவு நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, நடுவில் இறங்கிக் கை காலை நீட்ட வேண்டும், ஓட்டி முடித்தபின் அலுப்புத் தீரத் தூங்குகிற அளவுக்கு ஓய்வு வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இதையெல்லாம் கண்காணிக்க வண்டிக்குள் ஒரு பெட்டி வைத்தார்கள். சக்கரம் உருண்டால் அது எண்ணும். ஏமாற்றினால் உரிமம் போய்விடும். சாலையோரத்தில் நசுங்கிக் கிடக்கும் வண்டிகள் குறைந்தன. அவருக்கு அதில் பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் ஓய்வு எவ்வளவு நேரம் என்று எழுதினவர்கள், அது எங்கே என்று எழுதவில்லை. நேரம் எங்கே முடிகிறதோ அங்கேயே ஓய்வு. பெட்ரோல் பங்குக்குப் பின்னால், சுங்கச்சாவடி ஓரத்தில், பெயர் தெரியாத ஊர்களின் புழுதியில் அவர் சட்டப்படி தூங்கி எழுந்தார். வீட்டுக் கட்டில் அவருக்கு விருந்தாளி வீட்டுக் கட்டில் போல ஆகிவிட்டது. எந்தப் பக்கம் தலை வைப்பது என்று ஒரு நொடி யோசித்துத்தான் படுப்பார்.

அவருக்கு ஒரே மகள். நர்ஸ் வேலைக்குப் படித்து, ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். இப்போது கடல் தாண்டி ஒரு நாட்டில் வேலை கிடைத்திருந்தது. ஒப்பந்தம் முடியும்வரை திரும்பி வர முடியாது. அவள் புறப்படும் நாளுக்கு அவர் முன்கூட்டியே விடுமுறை கேட்டிருந்தார். கொடுத்தும் இருந்தார்கள். முந்தின நாளே வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் கணக்கு. ஏற்றுகிற இடத்தில் லோடு தாமதமானது. மருந்துச் சரக்கு, குளிர்பெட்டி வண்டி, வேறு ஆள் இல்லை. "நாளைக்கு மதியத்துக்குள்ள வந்துடுவீங்கண்ணே, பொண்ணு சாயங்காலம்தானே கிளம்புது" என்று சூப்பர்வைசர் கெஞ்சினார். சரி என்று எடுத்தார்.

மதியத்துக்குள் வந்திருப்பார்தான். நெடுஞ்சாலையில் ஒரு டேங்கர் குறுக்கே சாய்ந்து, அதன் பின்னால் ஊரே நின்றது. அடி அடியாக நகர்ந்தார்கள். அந்த அடி அடியையும் பெட்டி விடாமல் எண்ணியது. நெரிசல் கலைந்து சாலை திறந்தபோது, அவருக்கு மிச்சமிருந்த நேரம் வீடுவரைக்கும் போதாது என்று தெரிந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு மணி தூரம் இருக்கும்போது பெட்டி கீச்சென்று கத்தியது. அங்கே லாரி நிறுத்தம் ஒன்று இருந்தது. உள்ளே திருப்பி, மர நிழலில்லாத ஒரு மூலையில் நிறுத்தினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

பக்கத்து இடத்தில் ஒரு சிமெண்ட் லாரி நின்றது. அதன் முன்னால் பிளாஸ்டிக் வாளியும் டப்புமாக உட்கார்ந்து சட்டை துவைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் தூங்குமூஞ்சிக்கு உள்ளே சுருக்கென்றது. மீசை என்று எல்லாரும் கூப்பிடுகிறவர். போன வருஷம் இதே போல ஒரு நிறுத்தத்தில், மீசையின் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்தது. நேரம் முடிந்திருந்தும் வண்டியைக் கிளப்பப் பார்த்தார் மீசை. கண்கள் இரண்டும் மிளகாயாகச் சிவந்திருந்தன. தூங்குமூஞ்சிதான் சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "திட்டறதுன்னா திட்டு, தூங்கி எந்திரிச்சுட்டு வந்து திட்டு" என்றார். பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அன்றிலிருந்து மீசை யாரைப் பார்த்தாலும், "எம் பொண்ணு பொறக்கறப்ப நான் சட்டப்படி குறட்டை விட்டுக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்புத்தான். ஆனால் தூங்குமூஞ்சி இருக்கும்போது அந்தக் கதையை அவர் சொன்னதே இல்லை.

தூங்குமூஞ்சி சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"மாத்து டிரைவர் யாராவது இருக்காங்களா தம்பி?"

"இருந்தா உங்களை ஏன் நேத்து அனுப்பறேன்? யாரும் இல்லண்ணே."

"அப்ப நான் வண்டியைப் பூட்டிட்டுப் பஸ் புடிச்சு வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன். ஓய்வு நேரம் என்னோடதுதானே?"

"ஐயோ, அது காவல் இல்லாத இடம். மருந்து லோடு. குளிர் நின்னுடுச்சுன்னா யாரு பதில் சொல்றது? வண்டியிலயே இருந்து ஓய்வு எடுங்க."

"காவல் காக்கறதுக்குப் பேரு ஓய்வா?"

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஒரு மணி நேரம்தானே? கிளம்பி வந்துடுங்க. நெரிசல்ல மாட்டிக்கிட்டாருன்னு நான் எழுதிக்கறேன். உங்க பொண்ணுக்காகத்தான் சொல்றேன். உங்களை யாரு சந்தேகப்படப் போறா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை அசைத்தது. உண்மையிலேயே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஊரெல்லாம் சட்டம் பேசின மனிதர். நல்ல வெயில், காய்ந்த சாலை, கண்ணைக் கட்டினாலும் ஓட்டக்கூடிய வழி. அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி உறுமியது.

மீசை நிமிர்ந்து பார்த்தார். ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். வாளியை நகர்த்தி வைத்தார், டப்பை எடுத்தார், வண்டி திரும்ப வசதியாக வழியில் கிடந்த ஒரு கல்லையும் காலால் தள்ளிவிட்டார். பிறகு, போங்க என்பது போலக் கையை வீசினார்.

கேலி செய்திருந்தால் போயிருப்பார். தடுத்திருந்தாலும் போயிருப்பார். வழிவிட்டதுதான் தாங்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

மீசை கதவருகில் வந்து நின்றார். "என்னாச்சுண்ணே?"

"பொண்ணு இன்னைக்கு ஊருக்குப் போவுது. வெளிநாடு."

"அட. சொல்லவே இல்லையே." மீசை ஈரக் கையால் கன்னத்தைத் தேய்த்தார். "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்லலாம். ஆனா எனக்கு ஓய்வு முடியப் போவுது. கொஞ்ச நேரத்துல கிளம்பியாவணும்."

"தெரியும்."

"அவங்களை இங்க வரச் சொன்னா என்ன? ஏர்போர்ட் பஸ் இந்த வழியாத்தானே போவும்?"

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று தூங்குமூஞ்சி யோசித்தார். வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தார். வீடு தன்னைத் தேடி வரும் என்று நினைத்ததில்லை.

மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மிஷின் முன்னால் உட்காருகிறவர். காலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னதும் கத்துவார் என்று எதிர்பார்த்தார். மனைவி ஒரு பெருமூச்சு விட்டார். அது போன் வழியாகக் காற்று மாதிரி வந்தது.

"எந்த இடம்?"

சொன்னார்.

"இருங்க. பஸ்காரங்ககிட்ட ஏறுற இடத்தை மாத்திக் கேக்கறேன். சாப்டீங்களா?"

"இல்ல."

"எடுத்துட்டு வர்றோம்."

அவர் வண்டியின் முன்பகுதியைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். இருக்கைக்குப் பின்னால் படுக்கிற பலகை இருந்தது. அதன் மேல் மெத்தை, ஒரு போர்வை, தலையணை. விரிப்பை உதறினார். கண்ணாடியைத் துடைத்தார். தண்ணீர் பிடித்து வைத்தார். ஒரு வாரமாகவே வண்டி ஓட்டும்போது மகளிடம் என்ன சொல்வது என்று கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பேசிச் சரி பண்ணி வைத்திருந்தார். அங்கே எதற்கும் உடனே சரி என்று சொல்லிவிடாதே. வேலை நேரம் எவ்வளவு, கூடுதல் நேரம் எப்படி, எல்லாம் முதலிலேயே கேட்டுக்கொள். உடம்பு முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல், வெட்கப்படாதே. அப்புறம் இன்னொன்றும் இருந்தது. நீ வளர்ந்தபோது நான் பக்கத்தில் இல்லை, அது எனக்குத் தெரியும் என்பது. அதை எந்த இடத்தில் நுழைப்பது என்றுதான் தெரியவில்லை.

மீசை கிளம்பும்போது ஹாரனை ஒரு தடவை மெதுவாகத் தட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் வந்து இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மனைவி ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் பெட்டியுமாக முன்னால் வந்தார். மகள் முதுகுப் பையோடு பின்னால் வந்தாள். தூரத்திலிருந்தே அவள் நடையில் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஓட்டுநர்களிடம் பார்த்த நடை. கால் தரையில் இருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டான்.

"என்னம்மா, முகம் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லையாம்" என்றார் மனைவி. "கடைசி நாள்னு பேரு. நைட் டியூட்டி முடிஞ்சு காலையில வர வேண்டியவ. மாத்தி விடற பொண்ணு வரலையாம், 'நீதான் நாளையிலேருந்து இல்லையே, இன்னைக்கு மட்டும் பாத்துடு'ன்னு மதியம் வரைக்கும் நிறுத்தி வச்சுட்டாங்க. வந்து குளிச்சா, பெட்டியைக் கட்டினா. கண்ணே மூடலை."

"நீ முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"ஒரு பேஷண்டுக்கு மூச்சுத் திணறல்ப்பா. விட்டுட்டு எப்படி வர்றது?"

கை கொடுத்து மகளை வண்டியில் ஏற்றினார். மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மகள் நாலு வாய்தான் எடுத்தாள். கண்ணாடிக்கு வெளியே நெடுஞ்சாலை இரைந்துகொண்டே இருந்தது. பின்னால் குளிர்பெட்டியின் மோட்டார் ஒரே சுருதியில் ஓடியது.

"உங்கிட்ட கொஞ்சம் பேசணும்னு இருந்தேன்" என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்கப்பா. நானும் நிறைய கேக்கணும்." அவள் கொட்டாவியைக் கையால் மறைத்தாள். "அஞ்சே நிமிஷம் சாஞ்சுக்கட்டுமா? தலை சுத்துது. அப்புறம் உக்காந்து பேசலாம்."

"படு, படு."

அவள் பின்பக்கப் பலகையில் ஏறிச் சுருண்டாள். செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைக்கக்கூட இல்லை. ஒன்று மேலே, ஒன்று அவர் காலடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து ஜோடியாக வைப்பதற்குள் அவள் மூச்சு மாறிவிட்டது.

அஞ்சு நிமிஷம் போனது. இன்னும் கொஞ்சம் போனது.

"எழுப்பேன்" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"நீங்க எழுப்புங்க. பேசணும்னது நீங்கதானே."

அவர் திரும்பி, கையை நீட்டினார். அவள் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவருடைய துண்டை எப்போது எடுத்தாளோ, பாதி முகத்தை மூடியிருந்தாள். வெளிச்சம் பட்டால் தூங்க மாட்டாள் போலிருக்கிறது. இதுகூட அவருக்குத் தெரியாது. நீட்டிய கை அப்படியே நின்றது. எத்தனையோ பேரிடம், எத்தனையோ மேடையில், தூங்குகிறவனை எழுப்பி வேலை வாங்காதீர்கள் என்று கத்தின மனிதர். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னால முடியலடி."

"என்னாலயும்தான். வர்ற வழியெல்லாம் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தா."

"நேரமாயிடுமே."

"ஆவட்டும்."

இருவரும் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு காலம் என்று அவருக்கு நினைவில்லை. அவர் வீட்டில் இருக்கும்போது மனைவி ஷிப்டில் இருப்பார். மனைவி வீட்டில் இருக்கும்போது அவர் எங்கோ ஒரு புழுதியில் இருப்பார்.

"உனக்கு எப்படி இன்னைக்குச் சீக்கிரம் விட்டாங்க?"

"எங்க விட்டாங்க? ஆர்டர் அவசரம், எல்லாரும் ஓவர்டைம் இருக்கணும்னு காலையிலேயே சொல்லிட்டாங்க. நான் எந்திரிச்சு, 'என்னால முடியாதுங்க'ன்னேன்."

"நீயா?"

"ஏன், நான் சொல்லக் கூடாதா? இத்தனை வருஷத்துல ஒரு நாளும் சொன்னதில்ல. மேஸ்திரிக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ஓவர்டைம் கேட்டுத்தான் வாங்கணும், கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லுவீங்களே, அதைச் சொல்லலாம்னு பாத்தேன். வாயில வரலை. 'எம் பொண்ணு போவுது'ன்னுதான் வந்துச்சு. 'போ'ன்னுட்டாங்க."

"நாளைக்கு ஏதாவது சொல்லுவாங்களா?"

"சொல்லட்டும். காது இருக்கு, கேட்டுக்கறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரித்தார். மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகத் தலையை அவர் தோளில் சாய்த்து, "இவ பொறந்தப்பவும் இப்படித்தான், பாலு குடிக்கக்கூட எழுப்ப மனசு வராது" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் குரல் நின்றது. காலை இருட்டில் எழுந்து மிஷின் மிதித்த உடம்பு. மனைவியும் தூங்கிவிட்டார்.

ஆக, சட்டப்படி ஓய்வெடுக்க வேண்டியவர் ஒருத்தர் மட்டும் விழித்திருந்தார். தோளை அசைக்கவில்லை. கால் மரத்துப்போனது. பின்னால் ஒரு மூச்சு, பக்கத்தில் ஒரு மூச்சு. இரண்டும் முதலில் தனித்தனியாக வந்தன. ஒரு கட்டத்தில் சேர்ந்து வருவது போல அவருக்குத் தோன்றியது. எந்த நெடுஞ்சாலையில் எந்த மூலையில் நின்றாலும் அவர் ஏங்கியது இதற்குத்தான். இப்போது கிடைத்திருந்தது. கிடைத்துக்கொண்டிருக்கும்போதே வெளியே வெயில் மஞ்சளாகி, எதிர்ச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்துகிற பெட்டி எதுவும் அவரிடம் இல்லை. சொல்ல வைத்திருந்ததை எல்லாம் மனசுக்குள் ஒரு தடவை அவளுக்குச் சொல்லிப் பார்த்தார். நுழைக்க இடம் தெரியாத அந்த ஒன்றையும் சேர்த்து.

பஸ்காரரின் போன் வந்தது. பக்கத்தில் வந்துவிட்டாராம்.

மகள் எழுந்து வெளிச்சத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏம்ப்பா எழுப்பல? இப்படியா விடுவீங்க? நான் அஞ்சு நிமிஷம்னுதானே சொன்னேன்!"

"நல்லாத் தூங்கின."

"தூங்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? என்னமோ சொல்லணும்னீங்களே, சொல்லுங்க. சீக்கிரம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்கள். அவர் யோசித்தார். ஒரு வாரமாகச் சரி பண்ணியதில் ஒரு வரிகூட அந்த அவசரத்துக்குப் பொருந்தவில்லை.

"அங்க லீவு எப்படி, வாரத்துல ஒரு நாள் உண்டா?"

"உண்டுப்பா. ஆனா எந்த நாள்னு அவங்கதான் சொல்லுவாங்களாம்."

"தெரிஞ்சதும் எனக்குச் சொல்லு. நானும் அதே நாளைக் கேட்டு வாங்கிக்கறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். பஸ் வந்து நின்றது. அது பஸ் நிற்கிற இடமில்லை, அதனால் ஓட்டுநர் கையை ஆட்டி அவசரப்படுத்தினார். தூங்குமூஞ்சிக்கு அந்த ஓட்டுநர் மேல் கோபம் வரவில்லை. அவருக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். மகள் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள், அவர் கையைப் பிடித்து அழுத்தினாள், ஏறினாள். பஸ் சாலையில் கலந்தது. ஜன்னலில் அவள் கை தெரிந்தது போலிருந்தது. வேறு யாருடையதாகவும் இருக்கலாம்.

மனைவி அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார். காலையில் ஷிப்ட். தூங்குமூஞ்சி ஏறி அந்தப் பலகையில் படுத்தார். மெத்தையில் ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது. அந்தப் பள்ளத்தில் உடம்பு படாமல் ஓரமாகச் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் சரக்கை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனபோது வீடு பூட்டியிருந்தது. திறந்து உள்ளே போனார். மகளின் அலமாரிக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. அதைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் மறுபடி, அவள் விட்டிருந்த அளவுக்கே திறந்து வைத்தார்.

சில வாரங்களில் மகளிடமிருந்து சேதி வந்தது. அவளுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அவர் சூப்பர்வைசரிடம் போய் நின்றார். சுழற்சி முறைதான், ஒருத்தருக்கு மட்டும் நாளை நிறுத்தி வைக்க முடியாது என்றார் சூப்பர்வைசர். அதில் நியாயம் இருந்தது. எல்லாருக்கும் ஞாயிறு வேண்டும், இவருக்குச் செவ்வாய் வேண்டும், அவ்வளவுதானே, பார்க்கலாம் என்று கடைசியில் இறங்கி வந்தார். அப்படியும் சுழற்சியில் செவ்வாய் அவர் பக்கம் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. அதுவரை மகளோடு பேச்சு எல்லாம் துண்டு துண்டாகத்தான் இருந்தது. அவர் கூப்பிட்டால் அவள் வார்டில் இருப்பாள். அவள் கூப்பிட்டால் அவர் ஸ்டியரிங்கில் இருப்பார். "சாப்டியா", "சாப்டேன்", "அப்புறம் பேசறேன்." இந்த மூன்றும்தான் பேச்சு.

அந்த முதல் செவ்வாயன்று காலை, வீட்டில் யாருமில்லாத நேரத்தில் அவள் கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் அவசரமில்லை என்பதே முதலில் சங்கடமாக இருந்தது. அவள் தன் அறையைக் காட்டினாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கீழே நடைபாதையில் குடை பிடித்துப் போகிறவர்கள். கூடுதல் நேரம் கேட்டால் எழுத்தில்தான் கேட்கிறார்கள் என்றாள். ஒரு தடவை முடியாது என்று சொல்லிப் பார்த்தாளாம்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலப்பா. சரின்னுட்டாங்க. எனக்குத்தான் அன்னைக்குப் பூரா பயமா இருந்துச்சு." பிறகு குரல் இறங்கியது. "அம்மா எப்ப வருவாங்க?"

"சாயங்காலம்தான்."

"அப்ப இங்க ராத்திரி ஆயிடும். நாளைக்குக் காலையில டியூட்டி. அம்மாவைப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டி, பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

"போனை வைக்காத. அப்படியே பிடிச்சுக்க. நான் நடக்கறேன்."

தொழிற்சாலையின் இரும்புக் கேட்டருகில் போய் நின்றார். மதிய இடைவேளை மணி அடித்ததும் உள்ளேயிருந்து பெண்கள் கூட்டமாகச் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போனார்கள். காவலாளியிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரு தடவை போனையும் ஒரு தடவை இவரையும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். மனைவி ஓடிவந்தார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடிவந்த ஓட்டம். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. கம்பிக்கு வெளியே அவர் நீட்டிய போனில் மகள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அடியே."

"அம்மா. சாப்டியா?"

"அது கிடக்கு. நீ ஏன் இவ்வளவு இளைச்சுப்போயிட்ட?"

கம்பிக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், கையில் ஒருத்தி. அவர் போனைக் கம்பி இடுக்கில் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன பேசினார்கள் என்று பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, அந்த ஊரில் தண்ணீர் எப்படி, பக்கத்து அறைப்பெண் நல்லவளா, குளிருக்குப் போர்வை போதுமா. கொட்டகையிலிருந்து தோழிகள் இரண்டு பேர் சாப்பாட்டைக் கையில் ஏந்திக்கொண்டே வந்து எட்டிப் பார்த்து, "எப்படிம்மா இருக்க" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மனைவி தன் சாப்பாட்டை மறந்தே போனார். அவர் ஞாபகப்படுத்தவில்லை.

மணி அடித்தது. அரை மணி நேரம் என்பது இவ்வளவுதானா என்று மனைவி அவரைப் பார்த்தார். சட்டத்தையே அவர்தான் எழுதியது போல. "வச்சுடாதீங்க, அவகிட்ட பேசிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே ஓடினார். மிஷின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் வெளியே கேட்டது.

அவர் கேட்டைவிட்டு விலகி, எதிரே இருந்த சுவரோரம் நிழலில் உட்கார்ந்தார்.

"அம்மா போயிட்டாங்களாப்பா?"

"போயிட்டாம்மா. நான் இருக்கேன்."

"நீங்க எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"இன்னைக்கு முழுக்க" என்றார் அவர்.